முத்திரை குத்தி ஒளித்த அறிவிப்பு

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். இப்போது எழுதுகிற விஷயத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் சோலியைச் சொல்லிவிடுகிறேன். போடியில் ஏலக்காய்க் கடைகள் இருக்கிற தெருவில் ஒரு மாடி அறை. அதில் கம்ப்யூட்டரோடு நான். யாராவது போனில் எதையாவது தேடினால், என்னிடம் வேலை கொடுத்தவரின் இணையப் பக்கம் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் என் பிழைப்பு. இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. ஜனங்கள் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்களோ அந்த வார்த்தை பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். தலைப்பைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மலையில் டவர் பாதி எடுக்கிற போனிலும் பக்கம் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

குரங்கணியில் ஜீப்பு ஓட்டுகிற ஓர் அண்ணனுக்கு நான்தான் பக்கம் போட்டுக் கொடுத்தேன். எந்த ஊரில் இருந்து யார் குரங்கணிக்கு ஜீப்பு வேண்டும் என்று தட்டினாலும், மீசையை முறுக்கிக்கொண்டு அவர்தான் முதலில் வந்து நிற்பார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு ஜீப்பு. பக்கத்துப் பொட்டிபுரத்தைத் தேடிப் பாருங்கள், இன்னும் கட்டாத நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கொட்டும். ஆனால் ஏக்கர் கணக்கில் கட்டடம் கட்டி, நூலகம், விடுதி, மணிக்கூண்டு எல்லாம் வைத்திருக்கிற ஒரு பல்கலைக்கழகம், அதைத் தேடுகிற பிள்ளையின் கண்ணில் படவில்லை. அந்தப் பிள்ளை என் நாத்தனார் மகள்.

நாத்தனார் குடும்பம் குரங்கணிக்கு மேலே சரிவில் இருக்கிறது. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஏலம். அதை வைத்துச் சாப்பிடலாம், பிள்ளையை வெளியூரில் வைத்துப் படிக்கவைக்க முடியாது. அவள் கீழே ஹாஸ்டலில் தங்கி, உதவித்தொகையில் தாவரவியல் பட்டம் முடித்தாள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. தோட்டத்தில் ஏலச்செடி இலையெல்லாம் வரி வரியாக வெளுத்துக் குத்துக் குத்தாகச் சாவதைச் சின்ன வயதில் இருந்து பார்த்தவள். அது ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்று படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எம்.எஸ்சி.க்கு இடம் வேண்டும். கட்டணம் இல்லாமல் வேண்டும். விடுதியும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவள் அப்பாவால் அனுப்ப முடியாது.

இந்த மூன்றையும் தருகிற திட்டம் ஒன்று இருந்தது. நான் சொல்கிற பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. மலைப்பகுதியில் இருந்து வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை, விடுதிக்கும் காசு இல்லை. இவளுக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அந்த ஒரு பல்கலைக்கழகம்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அவள் தேடியிருக்கிறாள். வீட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே போனால்தான் சிக்னல் வரும். அதுவும் கேரளா டவர். நம் எல்லையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மூணாறுக்காரி என்று முடிவுகட்டி, தேடுபொறி கேரளாக் கல்லூரிகளாக வரிசையில் காட்டியிருக்கிறது. அதையெல்லாம் தள்ளித் தள்ளிக் கீழே போனால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிசாகப் போட்டு ஒரு பக்கம். கட்டட போட்டோ, சின்னம் எல்லாம் இருந்தது. அது ஒரு ஏஜென்டுடையது. இவளுக்கு எப்படித் தெரியும்? பெயர் போட்ட பலகைதானே வீட்டு வாசலில் தொங்கும் என்று நம்பி அதில் இருந்த எண்ணுக்குப் போன் அடித்திருக்கிறாள்.

"இலவச சீட்டெல்லாம் முடிஞ்சிருச்சு பாப்பா. வேற காலேஜுல வாங்கித் தர்றேன், அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்குச் சேர்க்கை முடிந்திருக்கவில்லை. திறந்துதான் இருந்தது. அவள் நம்பிவிட்டாள். வேறு இடங்களில் முயற்சி பண்ணிக்கொண்டே இருந்தவள், ஒரு சந்தை நாளில் போடிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள். அத்தைக்கு ஜீப்பும் ஏலக்காயும்தான் தெரியும், காலேஜு விவகாரம் தெரியாது என்று நினைத்தாளாம். நான் உடனே உட்கார்ந்து தேடினேன். தேடுவதே தொழிலான நான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். முகப்பில் கட்டடத்தின் போட்டோ ஓடுகிறது, பெரிய மனிதர்கள் பொன்னாடை போர்த்துகிற போட்டோ ஓடுகிறது. ஓரத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் 'சுற்றறிக்கை', 'சுற்றறிக்கை' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் சிவப்பாகப் 'புதியது' என்று மின்னிக்கொண்டிருந்தது. எந்தச் சுற்றறிக்கை எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்று வாகனம் நிறுத்துமிடம் பற்றி, ஒன்று குடிநீர்த் தொட்டி கழுவுவது பற்றி. அவற்றுக்கு நடுவில் ஒன்று, எங்கள் பிள்ளையின் படிப்பு.

அதுவும் எழுத்தாக இல்லை. காகிதத்தை ஸ்கேன் எடுத்த படம். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கழுத்தை ஒடித்துத்தான் படித்தேன். நேராகத் தெளிவாக இருந்தால் படத்தில் இருக்கிற எழுத்தையும் இப்போது தேடுபொறி ஒருவேளை வாசித்துவிடும். இதில் 'மலைப்பகுதி' என்ற சொல்லின் மேலேயே உருண்டையாக ஊதா மை முத்திரை விழுந்திருந்தது. கோப்பின் பெயர் ஸ்கேனர் தானாக வைத்த ஏதோ ஓர் எண். திட்டம் நல்ல திட்டம். விதி எல்லாம் சரியாக எழுதியிருந்தார்கள். கடைசித் தேதி முந்தின வாரம் முடிந்திருந்தது.

அவள் திரையில் இருந்த அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து பஸ். நேரில் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. சேர்க்கைப் பிரிவில், தேதி முடிந்தால் முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள். சரி, அது அவர்கள் விதி. இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற அலுவலர் யார் என்று கேட்டுக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"உங்க அறிவிப்பு தேடுனா கெடைக்க மாட்டேங்குது சார். இந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் போயிருச்சு" என்றேன்.

"கெடைக்காம எப்படி மேடம்? இப்பக் காட்டறேன் பாருங்க" என்று தன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். பல்கலைக்கழகத்தின் பெயரை முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரை முழுசாகத் தட்டினார். தினமும் காலையில் இருந்து சாயங்காலம்வரை அவர் திறந்து வைத்திருக்கிற அதே தளம், அவருடைய கம்ப்யூட்டரில், முதலில் வந்து நின்றது. "பாத்தீங்களா? மொதல்ல வருது" என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தன் வீட்டுக்குத் தான் வழி தவறாமல் போய்ச் சேர்வதை ஒரு மனிதர் சாதனையாகச் சொல்கிறார்! பெயர் தெரிந்தவன் எதற்குத் தேடப்போகிறான்? பெயர் தெரியாதவர்கள்தான் தேடுவார்கள். காசில்லாமல் மேல்படிப்பு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். நான் என் போனை அவரிடம் நீட்டி, "இதுல 'எம்.எஸ்சி தாவரவியல், பீஸ் இல்ல, ஹாஸ்டல்' அப்படின்னு போட்டுப் பாருங்க சார்" என்றேன். போட்டார். ஏஜென்ட் வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு ஏஜென்ட் வந்தான். நான்காவது பக்கம்வரை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"உங்க போன்ல ஏதோ கோளாறு" என்றார்.

சண்டைக்காரி என்று பெயர் வாங்க நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அறிவிப்பு எப்படித் தளத்துக்கு வருகிறது என்று கேட்டேன். அவர் பெருமையாகவே விளக்கினார். தட்டச்சர் கம்ப்யூட்டரில் அடிப்பார். அதைக் காகிதத்தில் எடுத்து மேலே அனுப்புவார்கள். அங்கே கையெழுத்து ஆகும். கீழே வந்து முத்திரை விழும். பிறகு தபால் பிரிவில் ஸ்கேன் எடுத்து இவருக்கு அனுப்புவார்கள். இவர் ஏற்றுவார்.

"அப்ப, முதல்லயே கம்ப்யூட்டர்ல எழுத்தாத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"அந்த எழுத்தை அப்படியே எடுத்துப் பக்கத்துல போட்டா முடிஞ்சுதே சார். கீழ உங்க முத்திரை போட்ட காகிதத்தையும் வச்சுக்கங்க. யார் வேணாங்கிறா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கையெழுத்தும் சீலும் இல்லாத எழுத்தை எப்படி மேடம் போடறது? யாரு வேணும்னாலும் மாத்தி எழுதிட்டு, பல்கலைக்கழகம் சொன்னதுன்னு சொல்லிடுவாங்களே. சீல் இருந்தாத்தான் அது அறிவிப்பு."

யாராவது மாற்றிவிடுவார்களாம்! மாற்றுவதற்கு முதலில் யாராவது அதைப் பார்க்க வேண்டாமா? போடி ஏலக்காய் ஏல மையத்தில் விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு லாட்டு சரக்குக்கும் சாம்பிளை வியாபாரிகளுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். தட்டில் கொட்டி, கிளறி, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். மூட்டையின் வாயைத் தைத்து அதற்கு மேல் முத்திரையும் குத்தி, உள்ளே முதல்தரச் சரக்கு இருக்கிறது, நம்புங்கள் என்றால், அங்கே டீ கொடுக்க வருகிறவர்கூட நிற்க மாட்டார். இதை அவரிடம் சொன்னேன். அவர் ஏலக்காய் கிலோ என்ன விலை போகிறது என்று விசாரித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, நான் இந்தத் தொழிலில் இருப்பதால் ஓர் உதவி செய்ய முடியுமா என்று கேட்டார். தேடினால் துணைவேந்தர் முதலான பெரியவர்களின் பழைய போட்டோ வருகிறதாம், பட்டமளிப்பு விழாவில் எடுத்த புதுப் போட்டோ வர வேண்டுமாம். மேலே இருந்து அதற்காகத்தான் நெருக்குகிறார்களாம். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "போட்டோ தெரியலைன்னு உங்களுக்கு நெருக்கடி. இந்தப் பிள்ளைக்குப் படிப்பே தெரியாமப் போச்சே, அதுக்கு யாரு சார் நெருக்குறது?" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. வாசலில் நின்ற என் நாத்தனார் மகளைக் காட்டி, "இவ்வளவு பேரு சேர்ந்திருக்காங்களே, அவங்களுக்கெல்லாம் கெடைக்கலையா? புள்ளைங்க ஒழுங்கா தேடணும் மேடம். தேடத் தெரியலைன்னா நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

திரும்புகிற பஸ்சில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த அலுவலரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். தேனிக்கு முன்னால் எங்கோ அவள் என் கையைத் தொட்டு, "விடுங்கத்தை. எம்மேலதான் தப்பு. நான் ஒழுங்கா தேடல" என்றாள்.

அந்த ஏஜென்ட் மேல் வந்த கோபம், சாய்ந்த படத்தின் மேல் வந்த கோபம் எல்லாம் அப்போது ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர்கள் அவளிடம் இருந்து ஒரு வருசத்தை எடுத்தது போதாது என்று, அது அவள் தப்பு என்றும் நம்பவைத்து அனுப்பியிருந்தார்கள். வெயிலில் பாறை மேல் ஏறி நின்று, ஒரு கோடு சிக்னலில், திட்டம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் தேடியவள் ஒழுங்காகத் தேடவில்லையாம். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து தன் பெயரைத் தானே தேடிக்கொண்டவர் ஒழுங்காம். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

"ஏ ஆத்தா, தப்பு உம்மேல இல்ல" என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. அந்த வருசம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலைக்கு வந்தாள், எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு. அவளோடு படித்தவர்கள் புது வகுப்பில் எடுத்த போட்டோக்களை அனுப்புவார்கள். பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பதில் போடுவாள். யார் எதைக் கேட்டாலும், "எனக்குச் சரியாத் தெரியாது" என்று ஆரம்பிக்கிற பழக்கம் அப்போது வந்ததுதான்.

அடுத்த வருசம் நான் விடவில்லை. அந்தத் தளத்தைத் தினமும் காலையில் திறந்து, மின்னுகிற 'புதியது' எல்லாவற்றையும் பார்த்தேன். என் கம்ப்யூட்டரே அலுத்திருக்கும். ஒரு நாள் வந்தது. அதே திட்டம், அதே மாதிரி சாய்ந்த படம். முத்திரை மட்டும் இந்த முறை கடைசித் தேதியின் மேல் விழுந்திருந்தது. சேர்க்கைப் பிரிவுக்குப் போன் அடித்துத்தான் தேதியைத் தெரிந்துகொண்டேன்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அறிவிப்பு முழுவதையும் நல்ல தமிழில் எழுத்தாக அடித்தேன். யார் சேரலாம், என்னென்ன சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி என்ன, எந்த இடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். "ஒங்க கூட்டாளிகள்லாம் போன்ல எப்படிக் கேப்பாங்க?" என்று அவளிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "தட்ட மாட்டாங்கத்தை. போன்ட்ட வாயாலதான் கேப்போம். 'பீஸ் கட்டாம எம்.எஸ்சி படிக்க முடியுமா'ன்னு" என்றாள். அதையே தலைப்பாக வைத்தேன். ஜீப்பு அண்ணன் பக்கம் இருக்கிற என்னுடைய தளத்திலேயே அதையும் ஏற்றி, இது பல்கலைக்கழகத்தின் பக்கம் அல்ல, அவர்களுடைய தளத்துக்கு இங்கே போங்கள் என்று உச்சியிலேயே எழுதி, இணைப்பும் கொடுத்துவிட்டேன். முதலில் விண்ணப்பித்தது அவள்தான்.

அந்தப் பக்கம் சீக்கிரமே மேலே ஏறிவிட்டது. ஏஜென்ட் கீழே போனான். கேரளா டவரிலும் எங்கள் பக்கம்தான் முன்னால் வந்தது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு வேறு யாரும் பதிலே எழுதி வைத்திருக்கவில்லை. எனக்குப் போன் வர ஆரம்பித்தது. மேகமலைப் பக்கம் இருந்து ஒரு பிள்ளை, எல்லை தாண்டி எஸ்டேட்டில் இருந்து பாதி மலையாளம் கலந்து பேசிய ஒரு அம்மா. எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. இது நிஜமா என்று கேட்டார்கள்.

பிறகு அந்த அலுவலரும் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

"எங்க அறிவிப்பை நீங்க எப்படி மேடம் போடலாம்? தேடுனா நீங்க முன்னாடி வர்றீங்க, நாங்க பின்னாடி போறோம். மேலிடத்துல கேக்கறாங்க. உடனே எடுத்துருங்க."

"ஒங்க பேரையும் சின்னத்தையும் போட்டு ஏஜென்ட் ஒருத்தன் இத்தனை நாளா முன்னாடி வர்றானே, அவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னீங்களா சார்?"

"அது எங்க பார்வைக்கு வரலை."

"நீங்களும் ஒழுங்கா தேடலபோல சார்" என்றேன். போனை வைத்துவிட்டார். கடைசித் தேதி முடிகிறவரை நான் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது. சேர்கிற அன்றைக்கு நாத்தனாரும் நானும் கூடப் போனோம். சேர்ந்த பிள்ளைகளையும் பெற்றோர்களையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து வரவேற்புக் கூட்டம் நடத்தினார்கள். மேடையில் மைக் பிடித்தவர் சாட்சாத் அதே அலுவலர். மலைப்பகுதியில் இருந்து இந்த ஆண்டு இத்தனை பெண்கள் வந்திருப்பது, பல்கலைக்கழக இணையதளம் கண்டிருக்கிற வளர்ச்சிக்குச் சான்று என்று பேசினார். கைதட்டினார்கள். நான் எழுந்திருக்கப் போனேன். நாத்தனார் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார், பிள்ளைக்கு ஏதாவது இடைஞ்சல் வந்துவிடும் என்று.

அவர் அதோடு விட்டிருக்கலாம். மேடையில் இருந்து இறங்கி வந்து, மலைப்பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு மைக்கை நீட்டி, "நம்ம திட்டத்தைப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? யாராவது சொல்லுங்கம்மா" என்றார். என் நாத்தனார் மகள் எழுந்தாள். எனக்குச் சரியாகத் தெரியாது என்று ஆரம்பிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"எங்க அத்தை எழுதுன பக்கத்தைப் பாத்துதான் சார் இந்த வருசம் நாங்கல்லாம் வந்தோம். போன வருசமும் நான் தேடுனேன். இங்ககூட வந்தேன், ஒங்க ரூமு வாசல்லதான் நின்னேன்" என்று சொல்லி நிறுத்தினாள். மைக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"நான் ஒழுங்காத்தான் சார் தேடுனேன்."

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.